சிவப்பியைக் கொடுக்கலாமா

செப்டம்பர் 13, சனி

இன்று ஒருவர் என் சிவப்பியைக் கேட்டுவிட்டார். பெண் கேட்க வந்தவர்போலத் தயங்கித் தயங்கி, நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த இலைக்கு எதிரில் நின்று கேட்டார். ரசம் ஊற்ற வந்தவர் என்னிடம் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று எதுவும் நினைவில்லை. பாயசத்தின் மேல் ரசம் கிடந்தது.

முதலிலிருந்து எழுதுகிறேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் ஜனவரியில் கொடுத்த டைரி இது. இதுவரை ஒரு எழுத்து எழுதவில்லை. இன்றைக்கு யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். வீட்டுக்காரரிடம் சொன்னால் "சரி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். டைரி அப்படிச் செய்யாது.

வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. பாட்டுக் கச்சேரி எங்கள் மெல்லிசைக் குழு. குழு சுடலைமுத்து அண்ணனுடையது, கீபோர்டும் அவரே. நான் கிட்டார், அந்தச் சிவப்புக் கிட்டார்தான் சிவப்பி. பகலெல்லாம் பாளையங்கோட்டையில் கண்ணாடிக் கடையில் வேலை, சாயங்காலமானால் மேடை. பதினேழு வருஷமாகப் பின்வரிசையில் ரிதம் வாசிக்கிறேன், அதாவது பாட்டுக்கு அணைவாகத் தட்டிக்கொண்டு போவது. முன்வரிசையில் லீட் வாசித்த மோகன் போன மாதம் மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான். பாட்டு ஓயும் இடத்தில் கிட்டார் தனியாகப் பேச வேண்டும், அதுதான் லீட். அந்த இடங்களை இப்போதைக்கு அண்ணன் கீபோர்டிலேயே சமாளித்துக்கொண்டிருக்கிறார்.

மாப்பிள்ளை தூத்துக்குடிக்காரர். அவருடைய சிநேகிதர் ஜெபஸ்டின் என்பவர் நடுவில் மேடையேறி ஒரு பாட்டு வாசித்தார். சர்ச்சில் வாசிக்கிறவராம். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் வலிக்குப் போடும் பட்டை, அதற்குக் கீழே காபி நிறத்தில் ஒரு வெளிநாட்டுக் கிட்டார். அவர் வாசிக்க ஆரம்பித்ததும் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்று டிரம்ஸ்காரர் சொன்னார். பொய் சொல்கிறார், லேசாகத்தான் பிளந்திருப்பேன்.

சாப்பாட்டு நேரத்தில் வந்தார்.

"எக்கா, தப்பா நினைக்கலைன்னா ஒண்ணு கேக்கட்டா? உங்க கிட்டாரை ஒரு நிமிஷம் தோள்ல போட்டுப் பாத்துக்கிடுதேன்."

போட்டுப் பார்த்தார். மூட்டையை இறக்கி வைத்தவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி ஆனது அவர் முகம்.

"பூ மாதிரி இருக்குக்கா. எனக்குக் கழுத்தெலும்பு தேஞ்சிருக்கு. பாரமே தொங்கப் போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்காக வாசிக்காம இருக்க முடியுமா? ரூபா எல்லாம் வேண்டாம். கிட்டாருக்குக் கிட்டார் மாத்திக்கிடுவோமா?"

நான் எழுந்து, கை கழுவிவிட்டு, அவருடையதை எடுத்து மாட்டினேன். யம்மா, என்ன கனம்! ஒரே ஒரு கம்பியைத் தட்டினேன். அந்த ஒலி எழுந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. நான் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தாலும் அங்கேயே நின்றிருக்கும்.

"தசரா முடியுற வரைக்கும் மாத்தி வச்சுப் பாப்போம்க்கா. பிடிக்கலைன்னா அவங்கவங்க சாமான் அவங்கவங்களுக்கு."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்னது நான்தானா?

செப்டம்பர் 14, ஞாயிறு

மாற்றிக்கொண்டோம்! பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வைத்து.

சிவப்பியைக் கொடுக்கும்போது அவருக்கு ஒரு பாடமே நடத்தினேன். உறையின் ஜிப் பாதிக்கு மேல் ஏறாது, ஊக்குதான் குத்த வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது. வால்யூம் திருகியை ஒரேயடியாக முறுக்கக் கூடாது. அப்புறம் முக்கியமான விஷயம், அந்த ஐந்தாவது ஃப்ரெட். கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளில் ஐந்தாவது. அங்கே விரலை வைத்தால் கம்பி இரையும். பெட்டிக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல ஒரு சத்தம். ஒலியும் சட்டென்று செத்துவிடும்.

"அதை நீங்க கண்டுக்கிடாதீங்க. அது அவ குணம்," என்றேன்.

"சரிக்கா, கண்டுக்கிட மாட்டேன்," என்றார் ஜெபஸ்டின்.

பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் சிவப்பியின் தலை தெரிந்தது. பஸ் மறையும் வரை அங்கேயே நின்றேன். வீட்டுக்கு வந்து புதியதைத் திறந்ததும் அந்த வருத்தமெல்லாம் எங்கே போனதோ! இரண்டு மணி நேரம் வாசித்தேன், உலை வைத்ததை மறந்து.

வீட்டுக்காரர் ஆவுடையப்பன் சமாதானபுரத்தில் கிரைண்டர், மிக்ஸி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். வந்ததும் எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு என்ன பேரு?"

"பேரெல்லாம் கெடையாது. விருந்தாளி."

"சிவப்பியத் திருப்பி வாங்குனா நான் ஒருநாள் கழட்டிப் பாக்கட்டா? அந்த இரைச்சலுக்கு ஏதாவது திருகு லூசா இருக்கும்."

இதை அவர் எத்தனை வருஷமாகக் கேட்கிறார்! அவள் கிரைண்டர் இல்லை, கை வைக்கக் கூடாது என்று வழக்கம்போல் சொன்னேன். "சரி," என்றார்.

செப்டம்பர் 15, திங்கள்

தோள் வலி. சந்தோஷமான தோள் வலி.

செப்டம்பர் 17, புதன்

எழுதக் கை பரபரக்கிறது. இன்று ஒத்திகை. விருந்தாளியைப் பார்த்ததும் குழுவில் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். டிரம்ஸ்காரர் தொட்டுக் கும்பிட்டார். சுடலைமுத்து அண்ணன் மட்டும் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். மீசைக்கு நேற்றுத்தான் சாயம் அடித்திருக்கிறார், விரலில் கறுப்பு.

"செண்பகம், இங்ஙன வா. தசராவுக்கு நம்ம முகப்பு இசைய நீதான் வாசிக்க."

முகப்பு இசை அண்ணனே போட்டது. திரை விலகும்போது வேறு எந்தச் சத்தமும் இருக்காது. கிட்டார் மட்டும் ஒற்றைச் சுரத்தில் எழுந்து, எட்டு எண்ணும் வரை அப்படியே நிற்க வேண்டும். பிறகுதான் டிரம்ஸ், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள். தசரா அன்று சாயங்காலம் பாளையங்கோட்டையில் அம்மன் சப்பரங்கள் கிளம்புவதற்கு முன்னால் எங்கள் மேடை. ஊரே நிற்கும்.

"நல்லா வந்துச்சுன்னா மோகன் எடம் உனக்குத்தான். வரலைன்னா மதுரையில ஒருத்தருக்குச் சொல்லி வச்சிருக்கேன். நீ சங்கடப்படக் கூடாது, பாத்துக்க."

"எதுக்குண்ணே சங்கடம்?"

"இல்ல, மோகன் வாரதுக்கு முன்னாடியும் உங்கிட்டதான் கேட்டேன். சிவப்பிக்கு லீட் சரிப்படாதுன்னு நீதான் சொன்ன. இப்ப நல்ல கிட்டார் வந்திருச்சு. அதான் கேக்கேன்."

வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வரும் வழியில் ஸ்கூட்டரில் வாய்விட்டுப் பாடிக்கொண்டு வந்திருக்கிறேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. முன்வரிசை! நான்!

செப்டம்பர் 18, வியாழன்

ஒரு விஷயம் பிடிபடவில்லை. போன வாரம் வரை நான் ஒழுங்காகத்தான் வாசித்தேன். இது வந்த பிறகுதான் தப்பு வருகிறது. விரல் வழுக்கினால் கேட்கிறது. அரை நொடி தாமதித்தால் கேட்கிறது. மூச்சு விட்டால்கூடக் கேட்கும் போலிருக்கிறது. இவ்வளவு துல்லியம் மேடைக்கு எதற்கு?

மாவு புளித்துவிட்டது. நாளைக்குப் பணியாரம்.

செப்டம்பர் 20, சனி

கடையில் இன்று ஒரே சிரிப்பு. போன வாரம் புதுக் கண்ணாடி வாங்கிப் போன ஆச்சி ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார்.

"நல்லாத்தான் இருந்தேன். இதைப் போட்டதிலேர்ந்து வீடு முச்சூடும் ஒட்டடையாத் தெரியுது. பாத்திரத்துல கறை தெரியுது. எனக்குப் பழைய கண்ணாடியையே தந்திருங்க."

ஒட்டடை ஏற்கெனவே இருந்ததுதான் ஆச்சி, இப்போதுதான் உங்களுக்குத் தெரிகிறது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவே மாட்டேன் என்றுவிட்டார். பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இப்பப் பாரு, எல்லாம் சுத்தமா இருக்கு," என்று கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. மனிதர்களுக்குத்தான் எத்தனை பிடிவாதம்.

சாயங்காலம் வந்து முகப்பு இசை பழகினேன். எட்டு எண்ணிக்கை நீளமானது. கிட்டாரின் கழுத்து தடிமன் வேறு.

செப்டம்பர் 22, திங்கள்

நவராத்திரி முதல் நாள். ஒரு கோயிலில் சின்னக் கச்சேரி. மூன்றாவது பாட்டின் நடுவில் அண்ணன் என்னைப் பார்த்துக் கண் காட்டினார். "எடு!"

எடுத்தேன். சின்னத் துண்டுதான், பாட்டுக்கு நடுவில் வேகமாக ஓடுகிற இடம். விரல்கள் தாமாகவே ஓடின. அந்தக் காபிக் கட்டையிலிருந்து தேன் சொட்டச் சொட்ட வந்தது. முடித்ததும் கூட்டத்தில் ஒரு விசில், அதைத் தொடர்ந்து கைத்தட்டல். எனக்கு! பதினேழு வருஷத்தில் என்னைப் பார்த்து யாரும் விசில் அடித்ததில்லை, கல்லூரியில் அடித்ததை விட்டுவிட்டால்.

வீட்டுக்காரர் கூட்டத்தில் சுண்டலோடு நின்றிருந்தார். "விசில் யாரு அடிச்சா தெரியுமா?" என்றார். பல்லில் கடலைத் தோல்.

இதை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? இது எனக்குத்தான். முடிவு செய்துவிட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

முகப்பு இசைக்கு ஒத்திகை. ஒற்றைச் சுரத்தில் நிற்க வேண்டிய இடத்தில் நான் சின்னச் சின்னதாக நாலு சுரம் சேர்த்து இட்டு நிரப்பினேன். சிவப்பியிடம் அப்படித்தான் வாசிப்பேன். ஐந்தாவது ஃப்ரெட்டில் ஒலி செத்துவிடும், செத்த இடத்தை நிரப்ப வேண்டாமா? கேட்கவும் அழகாக இருக்கும்.

அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எங்க ஓடுத? அங்ஙனயே நில்லு."

மறுபடி வாசித்தேன். மறுபடி ஓடினேன்.

"செண்பகம், உன் கிட்டார் ஓடலை. நீதான் ஓடுத. அது பாட்டுக்கு நிக்குதுல்லா? நீயும் கூட நில்லேன்."

"இது பாரம்ண்ணே. தோளு இழுக்கு. கை நிக்கமாட்டேங்குது."

"சிவப்பி இரையுதுன்னு சொன்ன. இது பாரமா இருக்குன்னு சொல்லுத. அடுத்தாப்புல ஒண்ணு வந்தா அதுக்கு என்ன சொல்லுவ?"

எனக்குச் சுறுசுறுவென்று வந்தது. எல்லார் முன்னாலும் அப்படிச் சொல்லலாமா? உறையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பாரத்தைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? கீபோர்டுக்கு ஸ்டாண்டு இருக்கிறது.

செப்டம்பர் 26, வெள்ளி

அண்ணன் போன் செய்தார். எடுக்கவில்லை. பிறகு நானே செய்தேன். "நாளைக்கு ஒத்திகைக்கு வந்திரு," என்றார். "வருதேன்," என்றேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஜெபஸ்டின் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அவருடைய சர்ச்சில் காலை ஆராதனை. வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டை, தோளில் என் சிவப்பி. சிவப்பி மேல் ஜன்னல் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. துவைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு, சோப்புக் கையோடு ஐந்து தரம் பார்த்தேன்.

அவர் மெதுவாக வாசிக்கிறார், ஒவ்வொரு சுரமாக. சிவப்பியிடமிருந்து அப்படி ஒரு நீளமான ஒலியை நான் கேட்டதே இல்லை. அங்கே ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கும் பெட்டி, நல்லதாக இருக்கும். இரைச்சலும் கேட்கவில்லை. போனில் அதெல்லாம் கேட்காது.

அவள் இல்லாமல் வீடு வீடாகவே இல்லை. எனக்கு அவள் வேண்டும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

முடிவு: கொடுக்கவில்லை. சிவப்பியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அண்ணனிடமும் சொல்லிவிட வேண்டும், லீடுக்கு மதுரைக்காரரே வரட்டும். முகப்பு இசையை அண்ணன் கீபோர்டிலேயே வாசிக்கட்டும், நன்றாகத்தான் இருக்கும். நான் பின்வரிசையில் சிவப்பியோடு நிம்மதியாக இருப்பேன். விருந்தாளி என் தோளுக்கு ஒத்துவரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இதை வீட்டுக்காரரிடம் சொன்னபோது நான் தண்ணீர்க் கேனை இடுப்பில் வைத்து மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன்.

"பாரமா இருக்குன்னா கொடுக்க?"

"ஆமா."

அவர் கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி," என்றார்.

சில நேரம் அந்த "சரி"யைப் பிடுங்கிச் சுவரில் எறியலாம் போலிருக்கிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. இன்றைக்கு நடந்ததை எழுதினால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் வீட்டுக்காரருக்கு அருள் வந்துவிடும். சந்தனக் கிண்ணமும் குங்குமமும் கையில் எடுத்தால், கண்ணில் படுகிற எதையும் விடமாட்டார். ஸ்கூட்டர், ஃபேன், மிக்ஸி, கேஸ் அடுப்பு, போன வருஷம் தண்ணி மோட்டார். கடையிலிருந்து ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், ஆறு பட்டைத் திருகு முடுக்கும் அலன் கீ என்று எல்லாவற்றையும் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து சாமி முன்னால் பட்டுத் துணியில் அடுக்குவார். பதினேழு வருஷமும் சிவப்பி அந்த வரிசையில் நடுவில்தான் இருந்தாள்.

அடுப்படியில் சுண்டலுக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்க்கிறேன், நடுவில் விருந்தாளி. உடம்பில் மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம். அதன் நடுவில் பெரிய குங்குமப் பொட்டு. தலையில் ஒரு பொட்டு. திருகிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு பொட்டு!

"அய்யோ! யாரு சாமானுக்கு யாரு பொட்டு வைக்கது? அது சர்ச்சுக் கிட்டாருங்க!"

"வீட்டுல இருக்க ஆயுதத்துக்கு வைக்காம விட்டா சாமிக்கு ஆகுமா?"

"நான் இதைத் திருப்பிக் கொடுக்கணும்!"

"நாளைக்குக் காலைல வரைக்கும் தொடக் கூடாது. பூஜையில வச்சாச்சு."

இரவல் சாமானுக்குப் பொட்டு வைக்கிற ஆள் இந்த ஊரிலேயே இவர் ஒருவர்தான் இருப்பார். சாமியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஈரத் துணியால் ஒரு ஓரத்தில் மட்டும் துடைத்துப் பார்த்தேன். சந்தனம் போய்விட்டது. குங்குமம் போகவில்லை. பளபளப்பு இல்லாத மரம், ரேகைக்குள் இறங்கிவிட்டது. நடுநெற்றியில் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம்.

தேங்காய் உடைத்து முடித்ததும் ஜெபஸ்டினுக்குப் போன் போட்டேன். ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"ஜெபஸ்டின்? கோவமா?"

"எக்கா... நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னுதான் இருந்தேன். எப்படிச் சொல்லன்னு தெரியாம சொல்லலை."

"என்னது?"

"போன ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் எங்க பாஸ்டர் உங்க கிட்டாருக்கு எண்ணெய் பூசி ஜெபம் பண்ணிட்டாரு. சிலுவை போட்டுட்டாருக்கா. நான் வேண்டாம்னு சொல்லதுக்குள்ள முடிஞ்சிருச்சு. எண்ணெய் போகமாட்டேங்குது."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரர் பொரியும் வெல்லமும் மென்றுகொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல ஃபேனுக்குப் பொட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு மத்தியானம் சிவப்பியக் கொண்டாரேன்க்கா," என்றார் ஜெபஸ்டின். "நீங்க என்ன முடிவு பண்ணுனாலும் எனக்குச் சம்மதம்."

என் முடிவைப் போனில் சொல்ல மனம் வரவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

அக்டோபர் 3, வெள்ளி

நேற்று எழுத நேரமில்லை. எழுதக் கூடிய நிலையிலும் நான் இல்லை.

விஜயதசமி காலையில் பூஜையில் வைத்த சாமானை எடுத்துத் தொழில் தொடங்க வேண்டும். வீட்டுக்காரர் ஒரு ஸ்க்ரூவை முடுக்கித் தொடங்கினார். நான் விருந்தாளியை எடுத்தேன். எதை வாசிப்பது என்று யோசிக்காமல் முகப்பு இசையின் முதல் சுரத்தைத் தட்டினேன். ஆம்ப் கூடப் போடவில்லை. அது நின்றது. நானும் நின்றேன், அவசரம் ஒன்றும் இல்லை என்பதால். எட்டு எண்ணி முடித்தபோது பக்கத்தில் அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தார். இதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசித் தடவை வாசிக்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் ஜெபஸ்டின் வந்தார். ஊக்குக் குத்திய உறையைத் திறந்தேன். என் சிவப்பி! நெற்றியில் எண்ணெய்ச் சிலுவை. நான் அவளைத் தூக்கிக் கட்டிக்கொண்டேன், வெட்கமில்லாமல். தோளில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாத அந்த லேசு! இவளை விட்டுவிட்டு எப்படி இருந்தேன்? விரல் பழக்கத்தில் ஐந்தாவது ஃப்ரெட்டுக்குப் போயிற்று. தட்டினேன்.

இரையவில்லை.

மறுபடி தட்டினேன். சுத்தமாக, மணி மாதிரி எழுந்து நின்றது. எல்லாக் கம்பியிலும் பார்த்தேன். வண்டைக் காணோம்.

"இது எப்படி..."

"எது? ஓ, அந்த இரைச்சலா?" ஜெபஸ்டின் சாதாரணமாகச் சொன்னார். "கிட்டார் கழுத்துக்குள்ள ஒரு இரும்பு ராடு ஓடுதுல்லாக்கா, அது தளந்து போயிருந்துச்சு. கொண்டு போன அன்னைக்கே அலன் கீ போட்டு ஒரு கால் திருகு திருகுனேன். அஞ்சு நிமிஷ வேலை."

எனக்குக் கோபம் வந்ததே பார்க்கலாம்! "உங்களை யாரு திருகச் சொன்னா? கண்டுக்கிடாதீங்கன்னு சொன்னேன்ல? அது அவ குணம்னு சொன்னேன்ல?"

அந்த மனிதர் மிரண்டுபோனார். "நல்லதுதானக்கா பண்ணுனேன்..." என்று என்னையும் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். சாமி முன்னால் பட்டுத் துணியில் பெரியதும் சிறியதுமாக அலன் கீ வரிசை, ஒவ்வொன்றிலும் குங்குமப் பொட்டோடு, இன்னும் அப்படியே கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். வீட்டுக்காரரும் அதைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காபியை மட்டும் ஆற்றோ ஆற்றென்று ஆற்றிக்கொண்டிருந்தார். இந்த ஜென்மத்தில் அவர் எனக்குச் செய்த பெரிய உபகாரம் அதுதான்.

கோபம் இறங்கியதும் உட்கார்ந்தேன். ஒரு மடியில் இரண்டு கிட்டார் வைக்க முடியாது. இந்தப் பக்கம் சிவப்பி, அந்தப் பக்கம் விருந்தாளி. கடையில் நாளெல்லாம் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு நான் கேட்கிற கேள்வி: இது தெளிவா, அது தெளிவா? எல்லாரும் திணறுவார்கள், எனக்கு எரிச்சலாக வரும். நேற்று நான் திணறினேன். இரண்டுமே நன்றாக இருந்தன. இரண்டிலும் குறை இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

சிவப்பியைத் திரும்ப வாங்கினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். இரண்டே வாரத்தில் அவளிடம் வேறு ஒரு குறையைக் கண்டுபிடித்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். ஜெபஸ்டின் கையில் அவள் அப்படி வாசித்தாள். அவளுக்கு அவர்தான் சரி.

"கொண்டு போங்க. நல்லா வச்சுக்கிடுங்க. ஜிப்பை மட்டும் மாத்திருங்க," என்றேன்.

"எக்கா, நிஜமாவா? பாரமா இருக்கும்னு..."

"பாரம்லாம் ஒண்ணும் இல்ல," என்றேன்.

வீட்டுக்காரர் காபி ஆற்றுவதை நிறுத்தினார். அழுகை வந்தது. அழுதேன். சிவப்பியின் தலையில் ஒரு முத்தம் கொடுத்தேன், எண்ணெய் உதட்டில் ஒட்டிக்கொண்டது. அதோடு கிளம்ப நேரமாகிவிட்டது. அழுதுகொண்டே புடவை மடிப்பு வைத்தேன்.

சாயங்காலம் ரோடு முழுக்கத் தலை. மைக்செட்டும் வேட்டும் சப்பர விளக்குமாகப் பாளையங்கோட்டையே எரிந்துகொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் சுடலைமுத்து அண்ணன் என் தோளில் தொங்கியதைப் பார்த்தார். அதன் நெற்றியில் இருந்த பொட்டைப் பார்த்தார்.

"இது யாரு?"

"நம்ம ஆளுதான்ண்ணே," என்றேன்.

திரை விலகியது. பயம் என்றால் அப்படி ஒரு பயம். குறை சொல்ல ஒன்றும் இல்லாமல் மேடையில் நிற்பது எனக்கு அதுதான் முதல் தடவை. தட்டினேன். ஒற்றைச் சுரம் கூட்டத்தின் தலைக்கு மேல் எழுந்து நின்றது. இரண்டு, மூன்று. விரல் ஓடப் பார்த்தது. ஓடவில்லை. நாலு, ஐந்து. என் கையின் நடுக்கம் அந்த ஒலிக்குள் கேட்டது, கேட்டால் கேட்கட்டும். ஆறு. ஜெபஸ்டின் முதல் வரிசையில், சிவப்பியை மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல் நேராக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு. எங்கேயோ ஒரு விசில், கடலைத் தோல் விசிலாகத்தான் இருக்கும். எட்டு. டிரம்ஸ் விழுந்தது. என் உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

மற்ற இரண்டு மணி நேரத்தைப் பற்றி எழுத ஒரு டைரி போதாது.

சாமான் கட்டும்போது அண்ணன் வந்தார். மீசைச் சாயம் வியர்வையில் வழிந்திருந்தது.

"மதுரைக்காரரை வேற சோலி பாக்கச் சொல்லிட்டேன்," என்றார். அவ்வளவுதான். நான் டிரம்ஸ்காரரைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன்.

எனக்கு இன்று லீவு. தோள் கன்றிப்போயிருக்கிறது, தைலம் தேய்க்க வேண்டும். பூஜைச் சாமானெல்லாம் கடைக்குப் போய்விட்டன, ஒரு சின்ன அலன் கீயைத் தவிர. அதை என் கிட்டார் உறைப் பைக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார் வீட்டுக்காரர். கேட்டால் "சரி" என்பார், கேட்கவில்லை.

நாளை ஒத்திகை. நேற்று நாலாவது பாட்டில், சரணத்துக்குப் பிறகு வரும் இடத்தில் ஒரு பிசகு. கூட்டத்துக்குத் தெரிந்திருக்காது. கம்பி சரியாகத்தான் இருந்தது. ஆம்ப் சரியாக இருந்தது. பாரமும் இல்லை. நான்தான் பிசகினேன். நாளைக்கு முதல் வேலையாக அதைச் சரிசெய்ய வேண்டும்.